சூல்கொண்ட தாய்மாரும் ஜன்னி நோயும்

சிவகாசியைச் சூழ்ந்துள்ள ஊர்களில், எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வயது முதிர்ந்த தாய்மார்களிடம் குடும்ப வரலாறு கேட்டால் பல வீடுகளில் ஓரிடத்தில் குரல் தாழும். 'அவளா? தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு மவுத்தாகிப் போனாள்' என்பார்கள். அத்துடன் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். என்ன ஜன்னி, எதனால் வந்தது, எத்தனை நாள் முன்னதாக அறிகுறி தெரிந்தது என்று எவரும் கேட்பதில்லை. விளக்கம் கூற வேண்டிய ஒரு சொல்லே விளக்கமாகிவிட்டது.

ஜன்னி என்பது 'சந்நிபாதம்' என்ற வடசொல்லின் சிதைவு. வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் ஒருங்கே கெட்டு நிற்கும் நிலையை அது குறித்தது. நம் சித்த மருத்துவர்கள் சன்னியைப் பதின்மூன்று வகையாகப் பிரித்தனர். ஆயினும் மக்கள் வழக்கில் அவ்வளவு வகைகளும் ஒரு பெயருக்குள் அடங்கின. பிள்ளை பெற்ற வீட்டைப் பொறுத்தவரை அப்பெயருக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு நோய்கள் இருந்தன. பிரசவத்தின்போது கருப்பையில் நச்சுக் கிருமி புகுந்து, கடுங்காய்ச்சல் கண்டு, தாய் நினைவிழந்து பிதற்றுவது ஒன்று. காய்ச்சல் ஏதுமின்றி, கண் மேலே செருகி, பல் கிட்டி, கைகால் வெட்டி இழுத்து, பின்னர் குறட்டையொலியுடன் மயங்கிக் கிடப்பது மற்றொன்று. இவ்விரண்டாவதையே மருத்துவ நூலார் சூல்வலிப்பு என்பர். பிள்ளை பிறப்பதற்கு முன்னும் அது வரும். பிறந்த பின்னும் வரும். இக்கட்டுரை அதனைப் பற்றியது.

முன்னோர் இந்நோயை எவ்விதம் கண்டனர் என்று தேடுகையில், அரபு மருத்துவ நூல்களைப் புரட்டாமல் இருக்க இயலாது. வலிப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸரஉ'. வீழ்த்துவது என்பது அதன் பொருள். சூல்கொண்ட பெண்களுக்கென்றே தனி நூல்கள் எழுதப்பட்ட காலம் அது. குர்துபா நகரத்து அரீப் இப்னு ஸஃது, கிறிஸ்து ஆண்டு பத்தாம் நூற்றாண்டில், கருவின் தோற்றம், கருவுற்றோர் பராமரிப்பு, பிறந்த குழந்தைகளின் பேணுகை ஆகிய மூன்றையும் ஒரு நூலுக்குள் வைத்தார். அதே நூற்றாண்டில் எகிப்து நாட்டில் அஹ்மத் இப்னு முஹம்மத் அல்பலதீ, கர்ப்பிணிகளையும் சிறுவர்களையும் பற்றி மற்றொரு நூல் செய்தார். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல்கானூன்' நூலின் முதற்பகுதியிலேயே கர்ப்பிணிகளின் நாடிக்கென ஒரு சிறு தலைப்பு ஒதுக்கியிருக்கிறார். தாய் இழுக்கும் காற்றில் பிள்ளையும் பங்காளியாகிவிடுவதால் அவளுக்குக் காற்றின் தேவை மிகுகிறது. அதனால் நாடி பெரிதாகவும் விரைவாகவும் நெருக்கமாகவும் அடிக்கிறது என்பது அவர் கூறும் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், விரல் நுனி ஒன்றையே கருவியாகக் கொண்டு இவ்வளவு தூரம் சென்றார் என்பது வியப்பே.

ஆனால் அந்த விரல் நுனிக்கு எட்டாத ஒன்று இருந்தது. நாடி விரைவாக ஓடுகிறதா, தளர்ந்து ஓடுகிறதா, முறுக்கேறி நிற்கிறதா என்பதை விரல் சொல்லும். குழாய்க்குள் குருதி எவ்வளவு அழுத்தத்துடன் மோதுகிறது என்பதை அது எண்ணாகச் சொல்லாது. சூல்வலிப்பு நோயின் சூட்சுமமோ அந்த எண்ணிலேயே இருந்தது. நம்மவர் எழுதும் கட்டுரைகளில், இன்றைய மேனாட்டார் கண்டவை அனைத்தையும் நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என முடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்நோயைப் பொறுத்தவரை நான் அவ்வாறு எழுத மாட்டேன். அவர்கள் இதனைக் காணவில்லை. காண்பதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை. அவர்களுக்குப் பின் எண்ணூறு ஆண்டுகள் வரை எவரிடமும் இல்லை.

இந்நோய்க்கு மேனாட்டார் இட்ட பெயர் எக்லாம்சியா. 'திடீரென ஒளிர்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மின்னல் வெட்டியது போல் முன்னறிவிப்பின்றி வந்து தாக்குவதாக எண்ணினர். 1739இல் பிரெஞ்சு மருத்துவர் புவாசியே த சோவாஜ், வாழ்நாள் முழுதும் தொடரும் காக்காய் வலிப்பு வேறு, குறிப்பிட்ட காரணத்தால் திடுமென வந்து போகும் இவ்வலிப்பு வேறு எனப் பிரித்துக் காட்டினார். அது முதற்படி. ஆனால் 'முன்னறிவிப்பின்றி' என்பது பிழையான எண்ணம் என்பதை அறிய மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

முன்னறிவிப்பு முதலில் கிடைத்தது சிறுநீரில். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்பார் சிறுநீரக நோயாளரின் நீரைக் கரண்டியில் ஊற்றி, மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சி, முட்டையின் வெண்கரு போல் அது உறைவதைக் கண்டிருந்தார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் 1843இல், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் நீரிலும் அவ்வாறே வெண்கருச்சத்து இருப்பதைக் கண்டார். நலமாகப் பிள்ளை பெற்ற பெண்களின் நீரையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களிடம் அது காணப்படவில்லை. கரண்டியும் மெழுகுவத்தியும் நம் அடுக்களையிலும் இருந்தனதாம். இருந்தும் என்ன, காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே!

இரண்டாவது அறிவிப்பு குருதியின் அழுத்தம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு பெண்குதிரையின் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைச் செருகி, குருதி எட்டடிக்கு மேல் ஏறி நின்றதை 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு அம்முறை ஆகாது. 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி, கையில் காற்றுப் பட்டையைச் சுற்றிப் பாதரச ஏற்றத்தைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் ரஷ்யாவின் கோரட்கோவ், பட்டைக்குக் கீழே செவிக்குழலை வைத்துக் கேட்கும் முறையைச் சேர்த்தார். இன்று கிராமத்துச் செவிலியர் கையில் உள்ள முறை அதுவே. இக்கருவி வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, வலிப்புக் கண்ட தாய்மாரின் அழுத்தம் உயர்ந்து நிற்பதும், வலிப்பு வருவதற்குப் பல நாட்கள், சில வேளை பல வாரங்கள் முன்பிருந்தே அது ஏறிக்கொண்டு வருவதும் புலனாயின. மின்னல் என்று எண்ணியது மின்னலன்று. நெடுநேரமாகத் திரண்டு வந்த கருமேகத்தின் முடிவு.

நோயைக் கண்டது ஒரு கதை என்றால், மருந்தைக் கண்டது அதனினும் நீண்ட கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மருத்துவர்கள் வலிப்புக் கண்ட தாயின் நரம்பைக் கீறிக் குருதியை வடியவிட்டனர். பிரசவத்தில் வேறு குருதி இழக்கப்போகும் பெண்ணிடமிருந்து கிண்ணம் கிண்ணமாக எடுத்தனர். இவ்விடத்தில் ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அபூபக்ர் அர்ராஸீ நினைவுக்கு வருகிறார். 'அல்ஹாவீ' எனும் பெருநூலில், ஜன்னியோடு ஒப்பிடத்தக்க 'ஸர்ஸாம்' என்ற மூளை நோயைக் கூறுமிடத்து, ஒரு சாராருக்குக் குருதி வாங்கியதாகவும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டு, இரண்டின் விளைவையும் ஒப்பிட்டதாகவும் குறித்திருக்கிறார். குருதி வாங்குதல் நலம் தரும் என்ற அவருடைய முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. நான் சுட்ட வருவது முடிவையன்று. மருந்து கொடுத்தவர் பிழைத்தார் என்பது சான்றாகாது, கொடாதவர் என்னவானார் என்றும் பார்க்க வேண்டும் என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அதுவே பின்னாளில் இந்நோயின் மருந்தைத் தீர்மானித்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய மருத்துவர் ஸ்ட்ரோகனாஃப் குருதி வாங்குவதைக் கைவிட்டு, இருண்ட அறையில் ஓசையின்றிக் கிடத்தி, அபினிச்சத்து மருந்துகளால் தாயை உறங்க வைத்தார். ஒளியும் ஒலியும் வலிப்பைத் தூண்டும் என்பது கருத்து. அதனால் சாவுகள் குறைந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1844இல் பிள்ளைப்பேற்றுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பெற்று, பின்னர் எழும்பூரில் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றது. அங்கு பணிபுரிந்த டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரைச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்தவர் என்றே பலரும் அறிவர். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர் என்பதும், 1938இல் அவர் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவப் பாடநூல் தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர் கையில் இருந்தது என்பதும் பலர் அறியாதவை. அந்நூலின் பிற்பதிப்புகளில் அவருடன் பெயர் சேர்ந்திருப்பவர் டாக்டர் எம். கே. கிருஷ்ண மேனன்.

எழும்பூருக்கு வந்த பெண்களில் பலர் வெளியூர்களிலிருந்து, வலிப்பு பலமுறை வந்த பின்னரே கொண்டுவரப்பட்டவர்கள். மேனன் அவர்களுக்கு ஒரு புதிய மருந்துக் கலவையை வழங்கினார். பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் லாபோரி அறுவை மருத்துவத்திற்கெனக் கண்ட முறையிலிருந்து எடுத்த அக்கலவையில் குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் ஆகிய மூன்றும் இருந்தன. 'லைட்டிக் காக்டெயில்' என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு வாசக அன்பர்கள் திகைக்க வேண்டா. மதுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை! 1961இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் மேனன் தம் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். அதன்பின் இந்தியாவெங்கும், வெளிநாடுகள் சிலவற்றிலும் அம்முறை பரவியது. 'கிருஷ்ண மேனன் முறை' என்றே நூல்கள் அதனைக் குறித்தன. சென்னையிலிருந்து ஒரு மருத்துவ முறை உலகுக்குச் சென்றது என்பதில் நாம் மகிழலாம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு மருந்து வழங்கிவந்தது. அது மக்னீசியம் சல்பேட்டு. பேதி உப்பு என்று நம் வீடுகளில் வயிறு கழியக் கரைத்துக் குடித்தோமே, அதே உப்பின் தூய வடிவம். எரியும்போது கண்ணைக் கூச வைக்கும் வெள்ளொளி தரும் மக்னீசியத்தை வாணவேடிக்கைத் தொழில் அறியும். அந்த உலோகத்தின் உப்புத்தான், 'ஒளிர்தல்' என்று பெயர் பெற்ற நோயை அடக்குகிறது என்பது எங்கள் சிவகாசிச் சீமைக்காரருக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றும். 1906இல் ஜெர்மனியில் ஒருவர் முதுகுத்தண்டின் வழி செலுத்திப் பார்த்தார். 1920களில் நரம்பு வழியாகவும் தசை வழியாகவும் தரலாயினர். டாலஸ் நகரத்து டாக்டர் பிரிட்சார்ட் 1955 முதல் அதனை ஒழுங்குபட வழங்கி, 1984இல் தொடர்ச்சியாக 245 பெண்களின் கணக்கை வெளியிட்டார். அவர்களுள் இறந்தவர் ஒருவர் மட்டுமே.

இவ்வாறு ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் ஆசான் கொடுத்த மருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தனர். அமெரிக்கர் மக்னீசியம் என்றனர்; பிரிட்டனில் டயசிபாம், பெனிட்டாயின் என்றனர்; நாம் மேனன் முறை என்றோம். ஒரு ராவியின் கூற்றைக் கேட்டமாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளாது, அவரையும் அவருக்கு மேலுள்ளவரையும் நிறுத்துப் பார்க்கும் கலையில் பயின்றவர்களுக்கு, இந்நிலை எவ்வளவு தளர்வானது என்று எளிதில் விளங்கும். இறுதியில் இந்தியா உட்படப் பல வளரும் நாடுகளில், யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கியது போல் தீர்மானித்து, 1,687 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1995இல் வெளிவந்தது. மீண்டும் வலிப்பு வருவதை மக்னீசியம், டயசிபாமை விடப் பாதிக்கும் மேலாகவும், பெனிட்டாயினை விட மூன்றில் இரு பங்கும் குறைத்தது. மேனனின் கலவையோடு ஒப்பிட்ட வேறு ஆய்வுகளிலும் மக்னீசியமே மேம்பட்டு நின்றது. 2002இல் முடிந்த மற்றோர் ஆய்வு 33 நாடுகளில் 10,141 பெண்களைக் கண்டு, அழுத்தம் ஏறிய தாய்க்கு முன்கூட்டியே இம்மருந்தைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று காட்டியது.

எழும்பூர் முறை விடைபெற்றது. இதனை மேனனுக்கு நேர்ந்த சிறுமையாக நான் கருதவில்லை. அவர் காலத்தில் கைக்கு எட்டியதில் நல்லதைக் கொண்டு உயிர்களைக் காத்தார். அதனினும் நல்லது நிறுவப்பட்டபோது அவர்தம் மாணவர் வழிவந்தோரே மாறிக்கொண்டனர். ஆசானின் நூலை மதிப்பதும் ஆசானின் மருந்தை மாற்றுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மருத்துவர்கள் உணர்ந்த அளவு நம் கல்விக்கூடங்களில் சிலர் உணர்வதில்லை. அது இருக்கட்டும்.

நோயின் வேர் எது என்ற வினாவுக்கும் அண்மையில் பெரும்பகுதி விடை கிடைத்துள்ளது. குற்றவாளி, நாம் இளங்கொடி என்றும் நஞ்சு என்றும் சொல்லும் உறுப்பு. கருப்பையின் குருதிக்குழாய்கள் விரிந்து அதற்குத் தாராளமாகக் குருதி தர வேண்டும். அவை விரியாமற்போனால் இளங்கொடி பட்டினியாகிறது. பட்டினியான கொடி சில புரதங்களைத் தாயின் குருதியில் கலக்கிறது. அவை தாயின் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் வெண்கருச்சத்தைக் கசியவிடுகிறது, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. அப்புரதங்களுள் முக்கியமான ஒன்றை 2003இல் அமெரிக்காவில் சுட்டிக்காட்டிய குழுவின் தலைவர் அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மக்னீசியம் வலிப்பைத் தடுக்கும். நோயை ஒழிப்பது பிள்ளையும் இளங்கொடியும் வெளிப்படுவதே. எனவேதான் மருத்துவர் சில வேளை நாள் நிறையுமுன்பே பிரசவம் பார்க்க வேண்டும் என்கின்றனர். 'மாதம் நிறையவில்லையே' என்று வீட்டார் மறுத்து நிற்பதன் விளைவு என்னவாகும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

எங்கள் வட்டாரத்து நிலையைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணியின் கால் வீங்கினால் 'நீர் கோத்திருக்கிறது' என்று பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். பாதத்தில் மட்டும் சிறிது வீக்கம் என்பது நலமான பெண்ணுக்கும் வருவதே, பார்லியால் கேடுமில்லை. ஆனால் முகமும் கைவிரல்களும் வீங்கி, மோதிரம் கழலாமல் இறுகினால் அது வேறு செய்தி. விடாத தலைவலிக்குக் கண்ணேறு கழிப்பதும், பார்வை மங்கிக் கண்முன் பொறி பறந்தால் இரத்தமில்லை என்று பேரீச்சம்பழம் ஊட்டுவதும், மேல்வயிற்று வலிக்குச் சோடா வாங்கிக் கொடுப்பதும் இன்றும் நடக்கின்றன. இவையே வலிப்புக்கு முந்திய கடைசி அறிவிப்புகள். இருபதாம் வாரத்திற்குப் பின் மேல் எண் 140, கீழ் எண் 90 என்ற அளவை எட்டினால் நோய் தொடங்கிற்று எனக் கொள்வர். 160, 110 என்றால் அவசரம். அந்த 140இல் தாய்க்குப் பெரும்பாலும் எவ்வித உபாதையும் தெரியாது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்பாள்.

தலைப்பிள்ளை, இரட்டைப் பிள்ளை, முன்பேற்றில் அழுத்தம் கண்டவர், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ அது வந்திருத்தல், சர்க்கரை, சிறுநீரக நோய் ஆகியன உள்ளோருக்கு அச்சம் அதிகம். ஜன்னி கண்டு மவுத்தான பெரியம்மா கதை மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டிய கதை; குரலைத் தாழ்த்திக் கொள்ள வேண்டிய கதையன்று. அத்தகையோருக்குக் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே சிற்றளவு ஆஸ்பிரின் தருவது நோயைப் பெருமளவு தடுப்பதாக இப்போதைய ஆய்வுகள் கூறுகின்றன. அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது. தாமாக வாங்கி உண்ணத்தக்கதன்று.

பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் கூலிக்குச் செல்லும் பெண் மாதமொருமுறை அழுத்தம் பார்க்கப் போனால் அன்றைய கூலி போகும். இக்கணக்கை அரசு அறியாமலில்லை. கர்ப்பகாலத்தில் ஏழைத் தாய் இழக்கும் வருவாயை ஈடுசெய்யும் நோக்குடன் 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஓர் உதவித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்த அவ்வுதவி, பின்னர் 12,000 ஆகி, 2018இல் 18,000 ஆயிற்று. 2008 முதல் 108 ஊர்தியும் ஓடுகிறது. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுமைக்கும் அது 97. பாதிக்குச் சற்றே மேல் என்று பெருமைப்படலாம். எஞ்சிய அந்த 54இல் குருதிப் பெருக்கும் இவ்வழுத்த நோயும் இன்றும் முன்வரிசையில் நிற்கின்றன.

மற்றொன்று. பிள்ளை பிறந்ததும் ஆபத்து நீங்கிற்று என எண்ணி எல்லாரும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகிறோம். சூல்வலிப்பில் ஒரு கணிசமான பங்கு பிள்ளை பிறந்த பின்னரே, பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் வருகிறது. ஆறு வாரம் வரை அதற்கு இடமுண்டு. நம் பெண்கள் நிஃபாஸ் என்று கணக்கிடும் நாற்பது நாளும் ஏறத்தாழ அதே கெடு. ஏழாம் நாள் அகீகாவுக்கு உறவினர் கூடி, ஆடறுத்து, குழந்தைக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கையில், பிள்ளை பெற்றவள் உள்ளறையில் தலை வெடிப்பது போல் வலிக்கிறது என்று சொன்னால், செவிலியர் வீட்டுக்கு வரும் நாள் வரை காத்திராமல், விருந்து பரிமாறி முடியும் வரையிலும் காத்திராமல், அன்றே அப்போதே அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாக வேண்டும்.